தாளைக் கிழித்துக் கிழித்து எழுதும் மகளுக்காக உங்கள் அனுபவங்களைக் கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் வெள்ளவத்தையில் வசிக்கிறோம். மகள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதவிருக்கிறாள். ஓரெழுத்துப் பிழைத்தாலும் வெட்டித் திருத்த அவளுக்கு மனம் வராது. கொப்பித் தாளையே கிழித்துவிட்டு முதலிலிருந்து எழுதத் தொடங்குவாள். நேற்றிரவு ஒரேயொரு வரலாற்று வினாவுக்கு ஏழு தாள்கள் கிழிந்தன. பதினொரு மணிக்கு விடையை முடிக்காமலே அழுதபடி படுத்துவிட்டாள்.

உளவியலாளர்களான போல் ஹியூவிட், கோர்டன் ஃபிளெட் இருவரும் எதிலும் குறையே இருக்கக்கூடாது என்னும் இப்போக்கை 1991இல் மூன்றாக வகுத்தார்கள்: குறையின்மையைத் தன்னிடமே எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, பிறர் அதைத் தன்னிடம் எதிர்பார்க்கிறார்கள் என்று நம்புவது. மகளிடம் இருப்பது முதலாவது என்றே நினைத்திருந்தேன். ஆனால், கணிதத்தில் 98 புள்ளிகளுடன் ஓடி வந்தவளிடம் "மிச்சம் இரண்டும் எங்கே போனது?" என்று நான் கேட்டதை அவள் அண்மையில் நினைவுபடுத்தியபோது, இரண்டாவது வகை என்னிடமும், அதனால் விளைந்த மூன்றாவது வகை அவளிடமும் இருப்பது புரிந்தது. அது என்னை மிகவும் வருத்துகிறது.

சிறு பிழையொன்றை வேண்டுமென்றே விட்டுவைத்து, அஞ்சியது நடக்கிறதா என்று பார்க்கப் பழக்குவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்ற உதவும் உளச்சிகிச்சையான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் உள்ள ஒரு முறை. அதை வீட்டில் பிள்ளையை நோகடிக்காமல் தொடங்கியவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். கொழும்பில் பதின்ம வயதினருடன் தமிழில் பேசக்கூடிய உளவளத்துணையாளரைத் தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.