கங்காணி வந்து உட்கார்ந்த குழுப் பேச்சு: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

கம்பம்மெட்டு

ஓர் ஆய்வுக்காக, ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் பெண்களிடம் கூலி, கழிப்பறை, பேறுகாலம் பற்றிப் பேச வேண்டும். விடியுமுன்னே கம்பத்திலிருந்து ஜீப்பில் மலையேறுகிறவர்கள், வீட்டில் பிடிக்க முடியாது. அதனால் உடும்பன்சோலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மத்தியானச் சோற்று நேரத்தில் எட்டுப் பேரோடு உட்கார்ந்தோம். ஒப்புதல் எல்லாம் வாங்கியாச்சு, ரெக்கார்டர் ஓடுகிறது. கழிப்பறைக் கேள்விக்கு வரும்போது கங்காணி, அதாவது அவர்களை வேலை வாங்குகிற ஆள், வந்து ஓரமாகக் குத்தவைத்துவிட்டார். எழுந்து போகச் சொல்ல அங்கே யாருக்கு வாய் வரும்?

"குறை ஒண்ணும் இல்ல தாயி" என்று வரிசையாகப் பதில். ஒரு அக்கா மட்டும் அவரைப் பார்த்துக்கொண்டே, "அண்ணனுக்குத் தெரியாததா? நாங்க எங்க போறோம், எங்க ஒதுங்குறோம்னு அவரையே கேளு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும்தான்.

டிரான்ஸ்கிரிப்டில் அது 'சிரிப்பு' என்று ஒற்றைச் சொல்லாக நிற்கிறது. என்னோடு கோடிங் செய்கிறவர், அதாவது பேச்சைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தலைப்புப் போடுகிறவர், அதைத் 'திருப்தி'யில் போட்டார், நான் 'பயம்' என்றேன். திரும்பத் திரும்பக் கேட்டால் பயமும் முழுசாக இல்லை, ஒரு குத்தல் இருக்கிறது. நீங்கள் எதில் போடுவீர்கள்?

லயத்து வாசல்

பயம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறில் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தது இதே தோட்டத் தொழிலாளிப் பெண்கள்தானே! தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்டே வரவிடவில்லை. அவர்களா ஒரு கங்காணிக்குப் பயப்படுவார்கள்?

என் கதை வேறு. லயத்தில், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளில், தனி நேர்காணல் என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒரு அறை, ஒரு அடுப்படி, இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் கேட்கும். ஒரு வீட்டில் மருமகளிடம் கடன் இருக்கிறதா என்று கேட்டேன். "கடனெல்லாம் இல்ல" என்று அடுப்படியிலிருந்து மாமியார் குரல். மருமகள் என் பேனாவை வாங்கி, என் நோட்டிலேயே ஒரு தொகையை எழுதிவிட்டு, "ஆமாங்க, இல்ல" என்று சத்தமாகச் சொன்னாள். ரெக்கார்டிங்கில் ஒன்று, நோட்டில் ஒன்று. அந்தத் தொகை யாருக்குக் கொடுக்க வேண்டியது என்று கேட்க வழியே இல்லை. இன்றைக்கும் அது மண்டைக்குள் ஓடுகிறது.

கம்பம்மெட்டு

ரோட்டில் ஆயிரக்கணக்கில் உட்கார்ந்தது வேறு, சோற்றுத் தூக்கோடு எட்டுப் பேர் உட்கார்ந்தது வேறு. அது தேயிலை, நிரந்தர வேலை, சங்கம் உண்டு. இங்கே நாளைக்கு ஜீப்பில் யாருக்கு இடம் என்பதை அந்த ஆள் சொல்வார்.

நகரித் தறி

நகரியில் விசைத்தறிக் கொட்டகையில் பேட்டி எடுத்தேன். ஒரு தறியை நிறுத்தினார்கள், மற்றவை ஓடின. அந்த அண்ணன் என் உதட்டைப் பார்த்தே பதில் சொன்னார். எனக்கு அவர் சொன்னது பாதி புரியவில்லை, ரெக்கார்டிங்கில் முழுக்கத் தடதடதான். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் சில விஷயம் சொல்லியே ஆக வேண்டும். குழுவுக்கு ஆறிலிருந்து பத்துப் பேர் போதும், அதற்கு மேல் போனால் ஆளுக்கு ஒரு வாக்கியம்தான் கிடைக்கும். பேச ஒருவர், குறிப்பெடுக்க இன்னொருவர். குறிப்பெடுப்பவர் யார் எங்கே உட்கார்ந்தார், யார் யாரைப் பார்த்துவிட்டுப் பேசினார் என்று படம் போட வேண்டும். அன்று ராத்திரியே விரிவாக எழுதிவிடுங்கள், மறுநாள் பாதி போய்விடும். ஒரு மணி நேர ஒலிப்பதிவைத் தட்டச்சு செய்ய நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும், குழு என்றால் இன்னும் கூட. அப்புறம், "எட்டில் ஏழு பேர் திருப்தி" என்று எண்ணி எழுதவே கூடாது. பேசாமல் இருந்தவர் ஒத்துக்கொண்டவர் இல்லை. பன்னிரண்டு பேட்டியில் புதுசாக எதுவும் வராது, நிறுத்திவிடலாம் என்று ஆய்வு வழிகாட்டிகள் சொல்வார்கள். அது 2006-ல் வந்த ஒரு கட்டுரையின் கணக்கு. கானா, நைஜீரியா பெண்களிடம் எடுத்த தனிப் பேட்டிகள் அவை, எல்லோரும் ஏறக்குறைய ஒரே சூழலில் இருந்தவர்கள். குழுப் பேச்சுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். பிரான், கிளார்க் இருவரும் அதே ஆண்டில் எழுதிய கருப்பொருள் பகுப்பாய்வு முறையைப் படித்துவிட்டுக் கோடிங்கில் இறங்குங்கள். காலர் மைக் வாங்குங்கள்.

வேலந்தாவளம்

அண்ணே, அவங்க கேட்டது சிரிப்பை எதில் போடுவது என்று. மைக்கா கேட்டாங்க?

பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் தமிழ் விவசாயிகளோடு வாய்க்கால் தண்ணீர் பற்றிக் குழுப் பேச்சு நடத்தினேன். தமிழ்நாடும் கேரளமும் போட்ட 1970 பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தம், அதன்படி மணக்கடவில் கேரளத்துக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி, பொள்ளாச்சிக்காரர்கள் விடுவதில்லை. பஞ்சாயத்துக் கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுவது போலவே எல்லோரும் பேசினார்கள், மறுத்து ஒரு வார்த்தை வரவில்லை. முடித்துவிட்டு வண்டியை எடுக்கும்போது ஒரு பெரியவர் பின்னாலேயே வந்தார். "வர்ற தண்ணியையும் மேல இருக்கறவன் ராத்திரி மோட்டார் போட்டு இழுத்தர்றான். உள்ள எம்பக்கத்துலதான் உக்காந்திருந்தான், அவன் முன்னால எப்படிங்க சொல்றது?" என்றார். எழுதிக்கொள்ளவும் சொன்னார், பேர் மட்டும் வேண்டாமாம்.

பேர் போடாவிட்டால் என்ன? கடைமடையில் அந்த வயதில் அவர் ஒருவர்தான். 'வாய்க்கால் கடைசியில் உள்ள ஒரு முதிய விவசாயி' என்று அச்சில் வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். எழுதவில்லை. அறிக்கையில் 7.25 டிஎம்சி மட்டும் பத்தி பத்தியாகப் போனது.

கம்பம்மெட்டு அக்கா, உங்களிடம் ஒரு கேள்வி. சிரிப்பு நின்றதும் முதலில் பேசியது யார்?

கம்பம்மெட்டு

இப்போதுதான் போட்டுக் கேட்டேன். கங்காணிதான். "போதும், எந்திரிங்க" என்கிறார். மணி இன்னும் ஒன்றரை ஆகவில்லை, தூக்கு மூடுகிற சத்தம் கேட்கிறது. டிரான்ஸ்கிரிப்ட் சிரிப்போடு முடிந்திருக்கிறது, அந்த வரியைத் தட்டச்சே செய்யவில்லை. 'திருப்தி', 'பயம்' இரண்டையும் அழித்துவிட்டு, அந்த வரியையும் சேர்த்து அந்த இடத்தை மறுபடி படிக்கலாம் என்று என்னோடு கோடிங் செய்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன். லயத்து வாசல், நீங்கள் சண்டைக்கு வராமல் இருந்தால் அந்தக் கடன் நோட்டைப் பற்றித் தனியாகப் பேசணும்.