அறுவை சிகிச்சைக்குப் பிறகு பூனையைக் குளிப்பாட்டாமல் சுத்தமாக வைத்திருப்பது எப்படி?

நீள்முடி (கேள்வி):

எங்கள் வீட்டில் வளரும் நீண்ட முடியுள்ள பெண் பூனைக்கு இந்த வாரம் கருத்தடை அறுவை சிகிச்சை நடந்தது. வயிற்றின் நடுவில் தையல் இருக்கிறது. 10 முதல் 14 நாட்களுக்குள் அதைப் பிரித்துவிடலாம் என்றும், அதுவரை குளிப்பாட்டக் கூடாது என்றும் கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். கழுத்தில் கூம்புக் காலர் மாட்டியிருப்பதால் பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்ள முடியவில்லை. மயக்கம் முழுமையாகத் தெளிவதற்குள் படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டதால், பின்னங்கால்களிலும் வாலின் அடியிலும் முடி சிக்குப் பிடித்து வாடை வருகிறது. காலரின் உட்புறத்தில் ஈர உணவு ஒட்டிக் காய்ந்து, தாடையிலும் படிந்திருக்கிறது.

குழந்தைகளுக்கான ஈரத் துடைப்பான்களையோ, தண்ணீரில்லாமல் பயன்படுத்தும் நுரை ஷாம்பூவையோ பயன்படுத்தலாமா? தையலைச் சுற்றியுள்ள தோலை நாங்கள் துடைக்க வேண்டுமா, தொடாமல் விட வேண்டுமா? பூனை மலசலம் கழிக்கும் தட்டில் போடும் லிட்டர் மண் தையலில் ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சமும் இருக்கிறது. இதுவரை இந்த வேலைகளையெல்லாம் பூனையே பார்த்துக்கொண்டதால் எங்களுக்கு இதில் பழக்கம் எதுவும் இல்லை.

மருத்துவமனை உதவியாளர்:

கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த நாட்களில் பூனையைச் சுத்தம் செய்வதைக் காட்டிலும், பூனை படுக்கும் இடத்தையும் மலம் கழிக்கும் இடத்தையும் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்திருப்பதே பெரிய வேலை. அதைச் சரியாகச் செய்தால் பூனையின் மேல் கை வைக்க வேண்டிய தேவையே பாதியாகக் குறைந்துவிடும்.

முதலில் தையலைப் பற்றி. மருத்துவர் தனியாக எதுவும் சொல்லியிருந்தால் ஒழிய, தையல் கோட்டைத் துடைக்கவோ மருந்து தடவவோ வேண்டாம். வெட்டிய தோலின் இரு ஓரங்களும் ஒன்றோடொன்று ஒட்டுவதற்கு உலர்ந்த சூழல் தேவை. தண்ணீர் பட்டால் தோல் ஊறி நெகிழ்ந்து, தையல் துளைகள் வழியாகக் கிருமிகள் உள்ளே செல்ல வழி ஏற்படும். ஓரத்தில் காய்ந்த இரத்தப் பொருக்கு இருந்தால் அதைப் பிய்க்காதீர்கள், அது தானாகவே உதிரும். ஹைட்ரஜன் பெராக்சைடும் ஸ்பிரிட்டும் கிருமிகளோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுக்களையும் அழிப்பதால், காயம் ஆறுவது தாமதமாகுமே தவிர நன்மை எதுவும் இல்லை.

அதைவிடக் கவனமாக இருக்க வேண்டியது வீட்டுக் கிருமிநாசினிகளைப் பற்றி. பீனால் வகைப் பொருட்களைச் சிதைத்து வெளியேற்ற உதவும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகள் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் பூனையின் உடலில் படவிடக் கூடாது என்பதோடு, பூனை நடக்கும் தரையையோ லிட்டர் தட்டையோ அவற்றால் கழுவுவதையும் தவிர்க்க வேண்டும். காலர் கழற்றப்பட்ட பிறகு பாதத்தை நக்கும்போது எல்லாம் வயிற்றுக்குள்தான் போகும். தேயிலை மர எண்ணெய் முதலிய வாசனை எண்ணெய்களுக்கும், துத்தநாக ஆக்சைடு கலந்த களிம்புகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தட்டைக் கழுவச் சூடான தண்ணீரும் மிதமான சோப்பும் போதும்.

ஈரத் துடைப்பான் வேண்டாம் என்பேன். வாசனைப் பொருளும் ஆல்கஹாலும் இல்லாத வகை கிடைத்தாலும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி செய்யாத எதையும் அது செய்துவிடாது. நுரை ஷாம்பூவும் இப்போது தேவையில்லை. அது முடியிலேயே தங்கிவிடும். தையலுக்கு அருகில் சென்றால் எரிச்சலையும் உண்டாக்கும். பவுடர் வகைகளையும் ஒதுக்கிவிடுங்கள்.

லிட்டரைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. ஈரம் பட்டதும் கட்டியாகும் களிமண் வகை, தையலின் ஈரத்திலும் சிறுநீர் பட்ட முடியிலும் அப்படியே பிடித்துக்கொள்ளும். தையல் பிரிக்கும் வரை கிழித்த செய்தித்தாளையோ காகிதத்தில் செய்த உருண்டைகளையோ பயன்படுத்துங்கள். தட்டுக்கு மூடி இருந்தால் கழற்றிவிடுங்கள், ஏனெனில் காலர் அதில் இடித்தால் பூனை உள்ளே போகவே தயங்கும். காகிதம் மண்ணைப் போல வாடையை அடக்காது என்பதால், ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் மாற்ற வேண்டியிருக்கும். மயக்க மருந்துக்குப் பிறகு ஓரிரு நாள் மலம் கழிக்காமல் இருப்பது இயல்புதான். ஆனால் சிறுநீர் ஒரு நாள் முழுவதும் வரவில்லை என்றாலும், தட்டில் உட்கார்ந்து முக்குகிறது என்றாலும் காத்திருக்காமல் மருத்துவரை அழைக்க வேண்டும்.

படுக்கைக்கு வெளிர் நிறப் பருத்தித் துணியை விரியுங்கள். சிறிய கசிவும் அதில் உடனே கண்ணுக்குத் தெரியும். நகம் சிக்கும் என்பதால் இழைகள் வளையம் வளையமாக இருக்கும் துவாலையை நான் விரும்புவதில்லை.

முடிசீவி:

நீண்ட முடியுள்ள பூனைகளை வளர்ப்பவள் நான். மேலே சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் சிறுநீரில் நனைந்த பின்னங்கால் முடியை அப்படியே விட்டுவிட முடியாது. அடியில் உள்ள தோல் ஊறிச் சிவந்து புண்ணாகும்.

இருவர் சேர்ந்து செய்தால் எளிது. ஒருவர் பூனையின் முன்பகுதியை மடியில் அணைத்துக்கொள்ள, மற்றவர் பின்பகுதியை மட்டும் துடைக்கலாம். மல்லாக்கப் படுக்க வைப்பதோ, முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்குவதோ வயிற்றுத் தோலை இழுக்கும் என்பதால் பூனை நின்ற நிலையிலோ ஒருக்களித்த நிலையிலோ இருக்கட்டும். பிழிந்த துணியால் தையலிலிருந்து விலகிச் செல்லும் திசையில், அதாவது தொடையிலிருந்து வால் நோக்கியும் பாதம் நோக்கியும் துடையுங்கள். வால் பக்கம் பட்ட துணியை மறுபடி வயிற்றுப் பக்கம் கொண்டுவராதீர்கள். பிறகு உலர்ந்த துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். முடி உலர்த்தும் கருவியின் இரைச்சலுக்குப் பூனை துள்ளிக் குதித்தால் தையலுக்குத்தான் கேடு.

சிக்கைப் பொறுத்தவரை ஒரே விதிதான்: கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பூனையின் தோல் மெல்லியது. சிக்கை இழுக்கும்போது தோலும் கூடாரம்போல் எழும்பி முடியோடு சேர்ந்து வந்துவிடுவதால், எது முடி, எது தோல் என்று தெரியாமலேயே வெட்டிவிட நேரும். சிக்கின் அடியில் முடியை இரு விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிறிது சிறிதாக விரலாலேயே பிரியுங்கள். பிரியவில்லையென்றால், தையல் பிரிக்கும் நாளில் மருத்துவமனையில் மழித்துவிடச் சொல்லலாம். ஒரு சிக்கு சில நாட்கள் இருப்பதால் பூனைக்கு ஒன்றும் ஆகிவிடாது, பார்க்கும் நமக்குத்தான் பொறுக்காது.

காலரை நாள்தோறும் ஈரத்துணியால் உள்ளும் புறமும் துடைத்து உலர்த்துங்கள். அகலமான ஆழமற்ற தட்டில், சற்று உயரமாக உணவை வைத்தால் காலரின் விளிம்பு தட்டுக்கு வெளியே நின்றுகொள்ளும். உணவு உள்ளே ஒட்டுவதும் குறையும். காலர் உராயும் கழுத்துப் பகுதியில் முடி கொட்டியிருக்கிறதா, தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். கழுத்துக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும்.

சாம்பல்வால்:

நான் சற்று மாறுபட்ட கருத்தைச் சொல்கிறேன். பூனை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்வது அதற்கு மன அமைதியையும் தருகிறது. அதை முற்றிலும் பறித்துவிட்டால் பூனை சோர்ந்து, உணவையும் ஒதுக்கத் தொடங்குகிறது. உணவு நேரத்தில் நாம் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு காலரைக் கழற்றிவிட்டால், சாப்பிட்ட பின் முகத்தையும் முன்னங்கால்களையும் கழுவிக்கொள்ளும். வயிற்றை நோக்கித் தலை குனிந்தவுடன் காலரை மாட்டிவிட வேண்டியதுதான்.

மருத்துவமனை உதவியாளர்:

சாம்பல்வால் சொல்வதில் உண்மை இருக்கிறது. சில மருத்துவர்களும் இதை அனுமதிக்கிறார்கள். ஆனாலும் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள். பூனையின் நாக்கில் பின்னோக்கி வளைந்த கெட்டியான முட்கள் இருப்பதால், சில நொடிகள் நக்கினாலே தையல் நூல் இழுபட்டுவிடும். எச்சிலில் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்களும் இருக்கின்றன. எச்சில் காயத்தை ஆற்றும் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. தையல் போட்ட காயத்தில் அதை நம்பக் கூடாது. கழற்றுவதாக இருந்தால் கைபேசியையும் தள்ளி வைத்துவிட்டுப் பூனையை மட்டுமே பார்த்துக்கொண்டிருங்கள்.

நக்கும் ஏக்கத்தைத் தணிக்க வேறொரு வழியும் உண்டு. காலருக்குள் கைவிட்டுக் கன்னம், தாடை, காதின் பின்புறம் ஆகிய இடங்களைச் சிறிது ஈரமான துணியால் முடியின் போக்கிலேயே வருடிவிடுங்கள். தாடையில் காய்ந்த உணவும் அதிலேயே போய்விடும். கண்ணோரத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனிப் பஞ்சால், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள்.

உணவை ஒதுக்குவதைப் பற்றி அவர் சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனை ஒரு நாளுக்கு மேல் எதையும் உண்ணாமல் இருந்தால், காரணம் காலரோ வலியோ எதுவாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பட்டினி நீடித்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகும்.

நீள்முடி:

அனைவருக்கும் நன்றி. காகிதத்துக்கு மாறிவிட்டோம், முதலில் முகர்ந்து பார்த்துவிட்டு விலகிய பூனை இப்போது பயன்படுத்துகிறது. இன்னும் இரண்டு ஐயங்கள். காலருக்குப் பதிலாக உடலை மூடும் துணிச் சட்டை போடலாம் என்கிறார்கள். சுத்தத்துக்கு அது நல்லதா? எங்களிடம் இருக்கும் மற்றொரு பூனை இதன் வயிற்றை நக்க வருகிறது, சில நேரம் சீறவும் செய்கிறது. அதை என்ன செய்வது?

முடிசீவி:

சட்டை போட்டால் முகத்தையும் கால்களையும் பூனையே கழுவிக்கொள்ளும். உணவு உண்பதும் எளிது. ஆனால் நீண்ட முடியுள்ள பூனைக்கு அதன் பின்விளிம்பு சிறுநீரில் நனைவது பெரிய தொல்லை. ஈரத்துணி தையலின் மேல் கிடப்பதைவிடக் காலரே மேல். சட்டைதான் வேண்டுமென்றால் மாற்றுச் சட்டை ஒன்று கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு முறை தட்டுக்குப் போய் வந்ததும் விளிம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கழற்றி மாட்டும் நேரத்தில் தையலையும் பார்த்துவிடலாம். ஓரங்கள் சேர்ந்து, வெளிர் சிவப்பாக இருந்தால் நல்லது. முதல் நாளில் ஓரிரு துளி இளஞ்சிவப்புக் கசிவு இருக்கலாம். சிவப்பு பரவுவது, தொட்டால் சூடாக இருப்பது, மஞ்சள் அல்லது பச்சை நிறச் சீழ், கெட்ட வாடை, ஓரங்கள் விலகுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் வாடையும் சீழ் வாடையும் குழம்பக்கூடும் என்பதும் பின்பகுதியைச் சுத்தமாக வைத்திருக்க ஒரு காரணம். நாள்தோறும் ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைத்தால், நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை நினைவை நம்பாமல் ஒப்பிடலாம்.

மற்றப் பூனையைத் தையல் பிரிக்கும் வரை வேறு அறையில் வையுங்கள். காலர் போட்ட பூனை தன் வயிற்றை நக்க முடியாவிட்டாலும், மற்றது நக்கினால் விளைவு ஒன்றுதான். சீறுவதற்குக் காரணம் மருத்துவமனை வாடையாக இருக்கலாம். இரண்டின் படுக்கைத் துணிகளையும் அவ்வப்போது மாற்றிப் போட்டால் பழைய வாடைக்குப் பழகிவிடும். மாற்றும் துணி துவைத்தது அல்ல, அந்தப் பூனை படுத்ததாகவே இருக்க வேண்டும். தையல் உள்ள பூனையிடம் போகும் துணியில் அழுக்கும் லிட்டர் துகளும் இல்லாமல் உதறிப் பார்த்து, அதைத் தலைப்பக்கம் மட்டும் வையுங்கள்.