பேக்கேஜிங் வடிவமைப்பைத் தனித்தொழிலாகச் செய்து நிலைத்து நிற்க என்ன வேண்டும்?

வைகைக்கரை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வரைகலை வடிவமைப்பாளராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். முறுக்கு, மசாலாப் பொடி, செக்கு எண்ணெய், அப்பளம் என்று சிறு உற்பத்தியாளர்கள் விற்கும் உணவுப் பொருள்களுக்குப் பைகளும் அட்டைப்பெட்டிகளும் வடிவமைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. இதை இனி என் சொந்தப் பெயரில் செய்யலாமா என்ற எண்ணம் சில காலமாகவே இருந்து வருகிறது. நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் ஓரிருவர், நான் தனியாக வந்தால் தங்கள் வேலையை என்னிடமே தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டுக் கடன் இருக்கிறது. மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறார். அவருடைய சம்பளத்தில் தவணை போக மிச்சம் அதிகமில்லை. கணினி, மென்பொருள், வாடகை ஆகியவற்றுக்கு எவ்வளவு ஆகும் என்பதை என்னால் கணக்கிட முடியும். ஆனால் என்னைவிட நன்றாக வரையத் தெரிந்த சிலர் தனியாகத் தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுகளில் மீண்டும் வேலைக்கே திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். சுமாராக வரைபவர்கள் சிலர் நன்றாக நடத்துவதையும் பார்க்கிறேன். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதை இத்தொழிலில் இருப்பவர்களும், இத்தொழிலுக்கு வேலை தருபவர்களும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். "தன்னம்பிக்கையும் விடாமுயற்சியும் வேண்டும்" என்ற அறிவுரை எனக்கு ஏற்கெனவே போதிய அளவு கிடைத்துவிட்டது.

ஆப்செட் அண்ணாச்சி எழுதியது:

தம்பி, வணக்கம். சிவகாசியில் அச்சகம் நடத்துபவன் என்ற முறையில், எந்த வடிவமைப்பாளரை நாங்கள் திரும்ப அழைக்கிறோம் என்பதை மட்டும் சொல்கிறேன். அழகாக வரைபவரை ஒருமுறை அழைப்போம். அச்சில் என்ன நடக்கும் என்று தெரிந்து வரைபவரைத்தான் தொடர்ந்து அழைப்போம்.

மசாலாப் பைகள் பெரும்பாலும் கிராவ்யூர் முறையில் அச்சாகின்றன என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும்; ஒளி ஊடுருவும் பிலிமாக இருந்தால் வெள்ளைக்கும் தனிச் சிலிண்டர். எட்டு நிறத்தில் வந்த வடிவமைப்பை அதன் தோற்றம் கெடாமல் ஐந்து நிறத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவர், புதிதாகத் தொழில் தொடங்கும் ஓர் உற்பத்தியாளருக்கு மூன்று சிலிண்டர்களின் செலவை மிச்சப்படுத்துகிறார். அந்த உற்பத்தியாளர் அவரை மறக்கமாட்டார்.

அடுத்தது சட்டம் கேட்கும் எழுத்து. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சைவக் குறியான பச்சை வட்டம், ஒவ்வாமை தரும் பொருள்களின் அறிவிப்பு, நிகர எடை, அதிகபட்ச விற்பனை விலை, ஓர் அலகுக்கான விலை, நுகர்வோர் தொடர்பு விவரம் என்று ஒரு பையின் மேல் ஏற வேண்டியவை பல. எழுத்தின் உயரம்கூட விதியில் இருக்கிறது. இவற்றில் ஒன்று விடுபட்டது சிலிண்டர் செதுக்கிய பிறகு தெரியவந்தால், செலவு யாருடையது என்ற சண்டைதான் மிஞ்சும். உணவு லேபிளுக்கான 2020ஆம் ஆண்டு ஒழுங்குமுறையையும், எடையளவுச் சட்டத்தின் கீழ் வரும் 2011ஆம் ஆண்டு பொதிப்பொருள் விதிகளையும் வரிவரியாகப் படித்துவைத்திருக்கும் வடிவமைப்பாளர்கள் இந்தப் பக்கத்தில் மிகக் குறைவு. நீங்கள் அப்படி ஒருவராக இருந்தால் உங்கள் கட்டணத்தைப் பற்றி யாரும் அதிகம் பேரம் பேசமாட்டார்கள்.

எங்கள் ஊரின் கதையும் இதுதான். 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுவந்தார்கள். அந்தத் தீப்பெட்டிக்கு லேபிள் தேவைப்பட்டதால்தான் சிவகாசியில் அச்சுத் தொழில் வேர்விட்டது. பக்கத்தில் கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டைய ராஜு (1898–1976) நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். பிறகு அவருடைய சாமி படங்கள் இங்கே காலண்டர்களாக அச்சாகி வீடுவீடாகப் போயின. சுவருக்கு வரைவதும் அச்சுக்கு வரைவதும் ஒன்றல்ல என்பதை அவர் காலத்து ஓவியர்கள் அறிந்திருந்தார்கள். இன்று கணினித் திரையில் ஒளிரும் நிறம் அப்படியே பிலிமில் வரும் என்று நம்புகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த நினைவு வரும்.

தணிக்கைமேசை எழுதியது:

அண்ணாச்சி சொன்னது வேலை கிடைப்பதற்கான வழி. கிடைத்த பிறகு திரும்பிப்போகிறவர்கள் ஏன் போகிறார்கள் என்பதை, சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் நான் சொல்ல வேண்டும். அவர்களில் பெரும்பாலோருக்கு வேலை இல்லாமல் போகவில்லை. பில் போட்ட பணம் வரவில்லை. கேட்கவும் கூச்சப்பட்டார்கள்.

முதல் வேலையை எடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு, செய்துவிடுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது, எனவே இடைத்தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும் என்றும், அந்த ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாள்களைத் தாண்டக்கூடாது என்றும், எழுத்தில் எதுவுமே இல்லையென்றால் 15 நாள்கள்தான் என்றும் இத்தகைய நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டப்படும் வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் முறையிட்டால், இத்தகைய பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்க மன்றத்துக்கு வழக்கு போகும். வேலையை முடித்த பிறகு செய்யும் பதிவு அந்தப் பழைய பில்லுக்கு உதவாமல் போகலாம் என்பதைக் கவனியுங்கள்.

நடைமுறையில் ஒரு வடிவமைப்பாளர் தன் வாடிக்கையாளர்மேல் முறையீடு செய்வது அரிது. செய்தால் அந்த வாடிக்கையாளர் போய்விடுவார். ஆனால் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டித் தரும் தொகையை வாங்குபவர் எந்த ஆண்டில் உண்மையில் தருகிறாரோ அந்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும் என்று வருமான வரிச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆகவே உங்கள் பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சிட்டால், நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் உங்களுக்காக வாதாடும் வேலையை வாடிக்கையாளரின் ஆடிட்டரே செய்துவிடுவார்.

ஜிஎஸ்டி குறித்து ஒரு வார்த்தை. சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. பெரிய நிறுவனம்போலத் தெரியட்டும் என்று சிலர் முன்னதாகவே பதிவு செய்கிறார்கள். பில் போட்டவுடன் வரி கட்டும் பொறுப்பு வந்துவிடுகிறது. வாடிக்கையாளர் பணம் தந்தாரா என்று அரசு கேட்பதில்லை. வராத பணத்துக்குக் கையிலிருந்து 18 சதவீதம் கட்டிக்கொண்டிருந்த ஒருவரின் கணக்கை நான் பார்த்திருக்கிறேன். அவர் மிக நல்ல ஓவியர்.

வைகைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. உத்யம் பற்றிக் கேள்விப்பட்டிருந்தேனே தவிர, 45 நாள் விதியை இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். தெரிந்தவர்களிடம் முன்பணம் கேட்பது எப்படி? இப்போதைய நிறுவனத்தில் இருந்தபோது நான் வரைந்தவற்றை என் மாதிரிகளாகக் காட்டலாமா?

கோவைக் கோட்டோவியம் எழுதியது:

இரண்டாவது ஐயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அதில்தான் சிக்கல் அதிகம். பணியில் இருக்கும்போது வேலையின் ஒரு பகுதியாக வரைந்தவற்றுக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர்; 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அவற்றைக் காட்ட வேண்டுமென்றால் வேலையை விடும்போதே எழுத்தில் அனுமதி கேளுங்கள். நல்லபடியாக விடைபெறுகிறவருக்குப் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். வேலையை விட்ட பிறகு அதே தொழிலைச் செய்யக்கூடாது என்று நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தால் அதற்காக அஞ்ச வேண்டாம். தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் வாடிக்கையாளர் பட்டியலையும் விலை விவரங்களையும் எடுத்துச்செல்வது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள்.

தனித்தொழிலில் இதே சட்டம் உங்கள் பக்கம் திரும்புகிறது. உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்திலும் கையொப்பத்துடனும் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், எந்தப் பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா என்று 19ஆம் பிரிவு வைத்திருக்கிறது. ஆனால் கூலி தந்து ஒருவர் எழுதச்சொல்லும் வண்ண ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், எழுதச்சொன்னவரே உரிமையாளர். எனவே ஒரு பக்க ஒப்பந்தமாவது இல்லாமல் தூரிகையைத் தொடாதீர்கள். நான் என் ஒப்பந்தத்தில், முழுத் தொகையும் வந்த பிறகே உரிமை மாறும் என்று எழுதுகிறேன். ஊறுகாய்ப் பாட்டிலுக்கு வரைந்த பாட்டியின் படத்தை நாளை வடாம் பைக்கும் போட வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம் என்பதும் அதிலேயே இருக்கும்.

முன்பணம் கேட்கத் தனித் துணிச்சல் வேண்டியதில்லை. விலைப்புள்ளியிலேயே அது ஒரு வரியாக அச்சாகியிருந்தால் போதும். பாதித் தொகை வேலை தொடங்கும்போது, மீதி அச்சுக்கான கோப்பு தருவதற்கு முன். திருத்தங்கள் இரண்டு முறை, அதற்குமேல் ஒவ்வொன்றுக்கும் இன்ன தொகை. எல்லோருக்கும் ஒரே தாள் என்பதால் உறவினருக்கும் மனத்தாங்கல் வராது. பார்வைக்கு அனுப்பும்போது குறைந்த தெளிவுள்ள படத்தை மட்டும் அனுப்புங்கள். திருத்தத்துக்கு எல்லை வைக்காதவர்களிடம், வாடிக்கையாளரின் மைத்துனர் வரைக்கும் கருத்துச் சொல்ல வந்துவிடுகிறார்.

"தனியாக வந்தால் தருவோம்" என்று சொன்னவர்களைப் பற்றி ஒன்று. அதில் பாதி உங்கள் திறமைக்கான பாராட்டு. மறுபாதி, நிறுவனத்துக்குத் தருவதைவிடக் குறைவாகத் தந்தால் போதும் என்ற கணக்கு. அவர்களிடம் இப்போதே உங்கள் கட்டணத்தைச் சொல்லிப் பாருங்கள். அதன் பிறகும் அழைப்பவரை மட்டும் உங்கள் வருமானக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கெடிலக்கரை எழுதியது:

மூவரும் சொன்னவற்றில் பிழை ஏதும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவர் இன்னும் ஒன்றைத் தீர்மானிக்கவில்லை என்று தோன்றுகிறது. தனியாக வேலை செய்யும் வடிவமைப்பாளராக இருக்கப்போகிறாரா, வடிவமைப்பு நிறுவனம் நடத்தப்போகிறாரா? முன்னதில் வருமானத்துக்கு எல்லை அவருடைய நேரம். பின்னதில் அவர் வரைவதையே குறைத்துக்கொண்டு ஆள் சேர்ப்பது, வேலை பிடிப்பது, பணம் வசூலிப்பது என்று நாளைக் கழிக்க வேண்டியிருக்கும். வரைவதில் இருக்கும் மகிழ்ச்சிக்காக வெளியே வந்தவர்கள் இரண்டாவது வழியில் போய் வருந்துவதுண்டு.

எங்கள் கடலூரிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. சிறு பாக்கெட்டில் பொருளை அடைத்து விற்கலாம் என்ற வழியைக் கண்டவர் சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் குடும்பத் தொழிலிலிருந்து வெளியேறி, 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். அதுவே பிறகு கெவின்கேர் நிறுவனம் ஆனது. காலி பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்ற அவருடைய திட்டம் பலருக்கும் நினைவிருக்கும். பாக்கெட் என்ற வடிவம் அவருக்குமுன்பே இருந்தது. அது யாருடைய கைக்கு, என்ன விலையில், எந்தக் கடை வழியாகப் போய்ச்சேர வேண்டும் என்பதை அவர் யோசித்தார். பைக்கு நிறம் தேர்ந்தெடுப்பதோடு நிற்காமல், ஐந்து ரூபாய்ப் பையா ஐம்பது ரூபாய்ப் பையா, பெட்டிக்கடையில் சரமாகத் தொங்கப்போகிறதா பல்பொருள் அங்காடியின் அலமாரியில் நிற்கப்போகிறதா என்று உற்பத்தியாளரிடம் முதல் சந்திப்பிலேயே கேட்கும் வடிவமைப்பாளர், ஆலோசகர் என்ற இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். அண்ணாச்சி சொன்ன அச்சு அறிவுக்கு அடுத்த படி இதுதான் என்பது என் கருத்து.

ஆப்செட் அண்ணாச்சி எழுதியது:

கெடிலக்கரை சொன்னதை ஏற்கிறேன், ஆனால் முதல் ஆண்டிலேயே ஆலோசகராக முயல வேண்டாம், தம்பி. காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இங்கே அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்கள் ஆடிப்பெருக்கன்று வெளியாகும். அதற்கு முந்தைய மாதங்களில் படங்களுக்கு நெருக்கடி இருக்கும், பணம் முழுவதும் கைக்கு வரப் பொங்கல் தாண்டும். பலகாரப் பைகளுக்குத் தீபாவளிக்கு மூன்று நான்கு மாதம் முன்பே வேலை வரத் தொடங்கும். ஆகவே சித்திரை, வைகாசி வாக்கில் வெளியே வந்தால் வரும் வேலையோடு சேர்ந்துகொள்ளலாம். கார்த்திகையில் வேலையை விட்டால் சும்மா இருக்கும் மாதங்களோடுதான் தொடங்க நேரும். எப்படியிருந்தாலும், அடுத்த பொங்கல்வரைக்கான வீட்டுச் செலவையும் கடன் தவணையையும் தனிக் கணக்கில் ஒதுக்கிவைத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் கொடுங்கள். அதுவரை ஆளும் சேர்க்காதீர்கள், அலுவலகமும் பிடிக்காதீர்கள். வீட்டு மேசையே போதும். நிறம் சரிபார்க்க அச்சகத்துக்கு வாருங்கள், இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நின்று பார்க்க நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை.