அன்னபேதியா, செம்பு மணியா? சாயத் தண்ணீரில் நிறம் எடுக்க எது சரி?

நொய்யல்கரை
திருப்பூர் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் கழிவுநீர் சுத்திகரிப்பு வேலையைப் பார்த்துக்கொள்கிறேன். ஆர்.ஓ.வுக்கு (உப்பை வடிக்கும் சவ்வு) விடும் முன் நிறம் எடுக்க ஃபென்டன் முறைதான் ஓடுகிறது. ஆசிட் விட்டு பி.எச். 3-க்குக் கொண்டுவந்து, அன்னபேதி (இரும்பு சல்ஃபேட்) கரைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, கடைசியில் சுண்ணாம்பு. நிறம் போய்விடுகிறது, கசடுதான் தாங்கவில்லை, ஷெட் முழுக்க மூட்டையாக அடுக்கியிருக்கிறோம். போன வாரம் ஒருவர் வந்து செம்பு ஏற்றிய மணிகளைக் காட்டினார், கொண்டைக்கடலை அளவு, கறுப்பு. இதைத் தொட்டியில் போட்டால் அன்னபேதி வேண்டாம், ஆசிட் வேண்டாம், கசடே வராது என்கிறார். முதலாளி வாங்கிவிடலாம் என்கிறார். ஓட்டிப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கொடுமணல்
வாங்காதீர்கள். 1894-ல் ஃபென்டன் டார்டாரிக் அமிலத்தை வைத்து இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எழுதினார், அதற்கப்புறம் செம்பு, கோபால்ட், மாங்கனீசு என்று எல்லாவற்றையும் முயன்று பார்த்தும் பெரிய தொட்டிகளில் இரும்புதான் நிற்கிறது. மலிவு என்பது ஒரு காரணம். கொஞ்சம் தப்பி வெளியே போனாலும் ஆபத்து குறைவு என்பதுதான் எனக்குப் பெரிய காரணம். செம்புக்கு ஆற்றில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் வரம்பு, மீன் சாக அதைவிடக் குறைவே போதும். பாசனத்துக்கென்று 1992-ல் நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றதைக் கரையில் நின்று பார்த்தவன் நான். 2011-ல் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகளை மூடியபோது வேலை இல்லாமல் உட்கார்ந்தும் இருந்திருக்கிறேன். புது உலோகம் எதையும் அந்தத் தண்ணீரில் சேர்க்க மனசு வராது.

கண்ணாடிக்குடுவை
அண்ணா, உங்கள் கவலை புரிகிறது, ஆனால் இரும்பை இவ்வளவு உயர்த்திப் பேச வேண்டாம். வினையூக்கி என்றால் கொஞ்சம் போட்டால் திரும்பத் திரும்ப வேலை செய்ய வேண்டும். அன்னபேதியில் இருக்கும் இரும்பு(II) பெராக்சைடைச் சட்டென்று உடைத்து சாயத்தை உடைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைத் தருகிறது, அதோடு இரும்பு(III) ஆகிவிடுகிறது. அது திரும்ப இரும்பு(II) ஆவது பல ஆயிரம் மடங்கு மெதுவு. அதனால்தான் கிலோ கணக்கில் கொட்டுகிறீர்கள். கணக்குப் போட்டால் ஒரு கிலோ அன்னபேதிக்கு 380 கிராம் அளவுக்கு உலர்ந்த இரும்பு ஹைட்ராக்சைடு, பிரஸ்ஸில் பிழிந்த பிறகும் 70 சதவீதம் தண்ணீர் நின்றால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல். அதை எங்கே புதைப்பது என்பதும் சுற்றுச்சூழல் கேள்விதானே? திட வினையூக்கியில் நான் ஆய்வு செய்கிறேன், கையில் எடுத்துக் கழுவித் திரும்பப் போடலாம். செம்பு, நடுநிலை பி.எச். பக்கத்திலும் பெராக்சைடோடு வேலை செய்யும், அந்த வியாபாரி சொன்னதில் அந்தப் பகுதி பொய் இல்லை.

கொடுமணல்
கசடில் ஒரு பங்கு ஜிப்சம், அம்மணி. அன்னபேதியிலும் ஆசிட்டிலும் வரும் சல்ஃபேட், சுண்ணாம்போடு சேர்ந்து படிகிறது. சுண்ணாம்புக்குப் பதில் பாதி காஸ்டிக் சோடா விட்டாலே எடை குறையும், படிவது கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மணி வாங்கும் முன் இதைச் செய்யட்டும்.

ஈரோட்டான்
வந்தவர் டெமோ காட்டியது எந்தத் தண்ணீரில்?

நொய்யல்கரை
குடிநீர் கேன் தண்ணீரில் சாயப்பொடி கரைத்து.

ஈரோட்டான்
அங்கேதான் கோளாறு. பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம், கழிவில் அதுதான் வருகிறது. குளோரைடு அந்த ரேடிக்கலைப் பிடித்துக்கொள்ளும், அமிலத்தில் இன்னும் அதிகமாக, மிஞ்சினால் குளோரின் ஏறிய கரிமப் பொருள்கள் வரும். ஆசிட் இல்லாமல் ஓட்டினால் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் ரேடிக்கலைப் பிடிக்கும், ஆசிட் விட்டால் அது கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். உங்கள் தொட்டித் தண்ணீரிலேயே பார்த்தால்தான் தெரியும்.

நொய்யல்கரை
நேற்றுப் பார்த்தேன். எல்லாக் கழிவும் கலக்கும் சமன்தொட்டியிலிருந்து ஒரு லிட்டர், ஆசிட் விடாமல், ஒரு பிடி மணி, பெராக்சைடு. கருநீலம் முக்கால் மணி நேரத்தில் வெளிர் மஞ்சளாகிவிட்டது. ஆனால் சி.ஓ.டி. (தண்ணீரில் உள்ள கரிம மாசைக் காட்டும் அளவு) பார்த்தால் முன்பைவிடக் கூடியிருக்கிறது!

கொடுமணல்
மிஞ்சிய பெராக்சைடு. சி.ஓ.டி. சோதனையில் போடும் டைகுரோமேட் அதையும் சேர்த்து எண்ணும், லிட்டருக்கு 200 மில்லிகிராம் பெராக்சைடு மிஞ்சினால் சுமார் 90 சி.ஓ.டி. சும்மா கூடும். சோடியம் சல்ஃபைட் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் பெராக்சைடு சோதனைக் குச்சி வைத்துப் பார்த்து, பெராக்சைடு தீர்ந்த பிறகு அளந்து பாருங்கள். சல்ஃபைட் கூடினாலும் சி.ஓ.டி. ஏறும், அளவாக விடுங்கள். தொட்டியில் கசடு ராத்திரி மேலே மிதப்பதும் இந்த மிஞ்சிய பெராக்சைடு குமிழால்தான். இன்னொன்று, நிறம் போனது என்றால் சாயத்துக்கு நிறம் தரும் பிணைப்பு (பெரும்பாலும் அசோ பிணைப்பு) அறுந்தது என்று மட்டும் பொருள், துண்டுகள் தண்ணீரில்தான் இருக்கின்றன.

கண்ணாடிக்குடுவை
அது இரும்புக்கும் பொருந்தும் அண்ணா. நொய்யல்கரை, ஒன்று செய்யுங்கள். நிறம் பாதி குறைந்ததும் மணிகளை வடிகட்டி எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை மட்டும் தனியாக வையுங்கள்.

நொய்யல்கரை
செய்தேன். மணி இல்லாமலே மளமளவென்று நிறம் இறங்கிக்கொண்டே போனது.

கொடுமணல்
கரைந்து வந்த செம்புதான் வேலை செய்கிறது. மணி வெறும் செம்பு மூட்டை.

கண்ணாடிக்குடுவை
பெரும்பாலும் அப்படித்தான், ஒப்புக்கொள்கிறேன், இந்த மணி வேண்டாம். ஆனாலும் ஒரு சந்தேகம். அன்றைய சாயக் குளியலில் டர்க்காய்ஸ் சாயம் இருந்ததா? ரியாக்டிவ் டர்க்காய்ஸ், செம்பு தாலோசயனின். சாயம் உடைந்தால் அதிலிருந்தே செம்பு வெளியே வரும், அப்படியென்றால் அன்னபேதி ஓட்டும் தொட்டியிலும் வந்திருக்கும். மணி போடாத தண்ணீரையும் செம்புக்கு அனுப்புங்கள்.

நொய்யல்கரை
அன்றைக்கு நேவியோடு டர்க்காய்ஸும் ஓடியது. மூன்று பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன்: தொட்டித் தண்ணீர், அன்னபேதி ஓட்டியது, மணி ஓட்டியது. நாளைக் காலை ஆய்வகத்துக்குப் போகிறது. கசடையும் ஒரு பொட்டலம் சேர்த்து அனுப்புகிறேன். அதுவரை பணம் கட்ட வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லியாயிற்று.