காலியான மால் ஊர் மையமானது: நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

பாளையங்கோட்டையிலிருந்து, ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்:

மூடிக் கிடக்கும் மால்களை இடித்துவிட்டு, வீடும் கடையும் அலுவலகமும் கலந்த ஊர் மையங்களாக அமெரிக்காவில் மாற்றுகிறார்கள் என்ற செய்தியைப் பலரும் இங்கே வியப்போடு பகிர்ந்திருந்தீர்கள். அப்படி மாற்றப்பட்ட ஓர் இடத்தில் என் மகள் வாடகைக்குக் குடியிருக்கிறாள் என்பதால், அங்கே போய்த் தங்கும்போது கண்டதை எழுதுகிறேன்.

கொலராடோ மாநிலத்தில் டென்வரை ஒட்டியுள்ள லேக்வுட், 1969இல்தான் தனி நகரமாக ஆயிற்று. வில்லா இத்தாலியா என்ற பெரிய மாலோ அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே, 1966இல், அங்கே திறக்கப்பட்டிருந்தது. கோயில் முதலில் வந்து, அதைச் சுற்றி ரத வீதிகளும், அவற்றை ஒட்டிக் கடைகளும் வீடுகளும் வளர்ந்த நம் திருநெல்வேலி டவுனைப் போன்ற ஒரு நடுப்பகுதி அந்த நகரத்துக்கு வாய்க்கவே இல்லை. துணி எடுப்பதற்கும், நண்பர்களைப் பார்ப்பதற்கும், குளிர்காலத்தில் முதியவர்கள் காலாற நடப்பதற்கும் அந்த மால்தான் இடமாக இருந்தது. ஆகவே 2001இல் அது மூடப்பட்டபோது, ஒரு வணிக நிறுவனம் நொடித்துப்போன வருத்தத்தைவிட, ஊருக்கு இருந்த ஒரே பொது இடம் போய்விட்ட வருத்தமே அங்குள்ளவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது. மகளின் அண்டை வீட்டு மூதாட்டி ஒருவர், தமக்குத் திருமண உடை வாங்கிய கடை எந்தத் தெருமுனையில் இருந்திருக்கும் என்பதை எனக்குக் கைநீட்டிக் காட்டினார். இப்போது அங்கே ஓர் உணவகம் இருக்கிறது.

மாலும் அதன் வாகன நிறுத்தமும் சேர்ந்து ஏறத்தாழ 104 ஏக்கர். அதை 22 மனைத் தொகுதிகளாகப் பிரித்து, நடுவே சாதாரணத் தெருக்களைப் போட்டு, சுற்றியிருந்த பழைய தெருக்களோடு அவற்றை இணைத்திருக்கிறார்கள். பெல்மார் என்று பெயரிடப்பட்ட அந்தப் புதிய பகுதியின் முதல் கட்டம் 2004இல் திறக்கப்பட்டது. என் தொழில் அனுபவத்தில் சொல்வதென்றால், அங்கே நடந்த வேலைகளில் தலையாயது இந்தத் தெரு போடும் வேலைதான். மால் என்பது நாலு பக்கமும் வாகன நிறுத்தம் சூழ, முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றைக் கட்டடம். அதன் ஊடாக யாரும் வேறோர் இடத்துக்குப் போக முடியாது என்பதால், வாங்க வருகிறவர் தவிர வேறு ஒருவரும் அந்தப் பக்கம் வரமாட்டார். தெரு ஊடே போய்விட்டால், பள்ளிக்குப் போகிற பிள்ளையும் நாயை நடத்திக்கொண்டு போகிறவரும் கடை வாசலைக் கடந்துதான் போயாக வேண்டும்.

மகளின் வீடு கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கடைக்கு ஒரு வாசல், மாடிக்கு ஏறும் படிக்கட்டுக்கு வேறொரு வாசல். சரக்கு வண்டி முன்புறம் வராமல் பின்பக்கச் சந்தில் வந்து இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. மேல ரத வீதியில் பழைய வீடுகளைக் கண்டிருக்கும் எவருக்கும் இந்த அமைப்பில் புதுமை ஒன்றும் தோன்றாது. எனக்குப் புதுமையாகப் பட்டது பல அடுக்கு வாகன நிறுத்தக் கட்டடம். தெருவைப் பார்த்த பக்கத்தில் வெறும் சிமெண்டுச் சுவர் தெரியாதபடி, ஓவியர்களின் கூடங்களையும் சிறு கடைகளையும் ஒரு வரிசையாக வைத்து அதை மறைத்திருக்கிறார்கள். நம் ஊரில் புதிய வளாகங்கள் தரைத்தளம் முழுவதையும் வண்டிகளுக்கு விட்டுவிட்டு, கடைகளை முதல் மாடிக்கு ஏற்றி, பிறகு வியாபாரம் இல்லை என்று வருந்துவதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். அங்கே கடையில் வாங்கும் பொருளுக்கான ரசீதில், விற்பனை வரியைத் தவிர, பொது மேம்பாட்டுக் கட்டணம் என்று இன்னொரு தொகையும் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். சாலை, வடிகால் போன்றவற்றுக்காக வாங்கிய கடனை அடைக்க அந்தத் தொகை போகிறது. நிலத்தைச் சுத்தம் செய்யவும் செலவு பிடித்திருக்கிறது. பழைய மாலில் இருந்த சலவைக் கடைகளின் இரசாயனம் மண்ணில் இறங்கியிருந்ததாம்.

எல்லா இடத்திலும் இது இவ்வளவு நன்றாக அமைந்துவிடவில்லை. அதே டென்வரின் தெற்கே எங்கிள்வுட் என்ற ஊரில், 1968இல் திறந்த சின்டரெல்லா சிட்டி என்ற மாலை இடித்துவிட்டு, 2000இல் இரயில் நிலையத்தோடு ஒரு நகர மையத்தை அமைத்தார்கள். பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடம் ஒன்றை இடிக்காமல் நகராட்சி அலுவலகமாகவும் நூலகமாகவும் மாற்றிக்கொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் பக்கத்திலேயே வால்மார்ட்டுக்கும் அதன் விரிந்த வாகன நிறுத்தத்துக்கும் இடம் கொடுத்துவிட்டதால், இரயிலை விட்டு இறங்கி நடக்கிறவருக்கு ஊருக்குள் வந்துவிட்ட உணர்வு வருவதில்லை.

மேலப்பாளையத்தைச் சேர்ந்தவர், தற்போது ஆஸ்டினில்:

அண்ணாச்சி எழுதியதோடு இன்னொரு வகையையும் சேர்க்க விரும்புகிறேன். டெக்சாஸின் ஆஸ்டினில் 1971இல் திறந்த ஹைலண்ட் மால் 2015இல் முழுவதுமாக மூடப்பட்டது. அதை வாங்கியது ஆஸ்டின் சமுதாயக் கல்லூரி என்ற உள்ளூர்ப் பொதுக் கல்லூரி. மால் ஒரே உரிமையாளரிடம் இருக்கவில்லை. பெரிய அங்காடிகள் தத்தம் கட்டடங்களைத் தனித்தனியே வைத்திருந்ததால், துண்டு துண்டாகத்தான் கைக்கு வந்தது. மால் முழுவதும் மூடுவதற்கு முன்பே, 2014இல், கல்லூரியாக முதலில் திறந்தது, ஜே.சி. பென்னி என்ற துணிக்கடையாக இருந்த பகுதிதான். நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே கூடத்தில் இருக்க, வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் என்னைப் போன்றவர்கள் இரவு வரை உட்கார்ந்து கணக்குப் போட்ட இடம் அது. சன்னலே இல்லாத துணிக்கடைக்குள் பகல் வெளிச்சம் வருவதற்குப் பின்னர் வழி செய்திருந்தார்கள். வாகனங்கள் நின்ற வெளியில் இப்போது அடுக்ககங்களும் பூங்காவும் வந்திருக்கின்றன. கடையை நம்பி மட்டும் அந்த இடத்தை எழுப்பியிருந்தால் எழும்பியிருக்காது என்றே நினைக்கிறேன். மாணவர்கள் நாள்தோறும் வந்தாக வேண்டும் என்பதால்தான் தேநீர்க் கடைக்காரருக்கும் நம்பிக்கை பிறந்தது.

புறவழிச்சாலை வளாகம் ஒன்றில் கடை வைத்திருப்பவர்:

அண்ணாச்சிக்கும் தங்கச்சிக்கும் நன்றி. நான் கடை வாங்கிய வளாகத்தில் பாதி ஷட்டர்கள் இன்றைக்கும் திறக்கப்படவில்லை. நகரும் படிக்கட்டு நின்றுபோய், அதன்மேல் அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது. நெல்லை சந்திப்புப் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடந்த காலத்தில், அதைச் சுற்றியிருந்த கடைக்காரர்கள் பட்ட பாட்டை நாம் எல்லோரும் கண்டோம். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. எங்கள் வளாகத்தின் பின்னால் பெரிய காலி இடம் கிடக்கிறது. அங்கே வீடுகள் கட்டலாமா என்று உரிமையாளர்கள் பேசிக்கொள்கிறோம். ஆனால் நம் வெயிலில், குளிர்பதனம் இல்லாத திறந்த தெருவில், யார் நடப்பார்கள் என்ற கேள்வியும் எழுகிறது.

பாளையங்கோட்டைப் பொறியாளரின் மறுமொழி:

வெயிலைப் பற்றிய கேள்வி நியாயமானது; ஆனால் சித்திரை மாதத்திலும் மாலை மயங்கியபின் கீழ ரத வீதியில் இருட்டுக்கடை முன்னால் அல்வாவுக்கு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அதற்காகப் பின்வாங்க வேண்டியதில்லை. தெரு குறுகலாக இருந்து, கட்டடங்கள் ஒன்றின்மேல் ஒன்று நிழல் தந்து, கடை முகப்பில் தாழ்வாரமும் ஓரத்தில் புங்கை மரமும் இருந்துவிட்டால், காலை பதினொரு மணிக்கு முன்பும் மாலை நாலு மணிக்குப் பின்பும் நடப்பதற்குத் தடையில்லை. நடுப்பகல் வியாபாரத்தை நம்பி நம் ஊர்க் கடைத்தெரு எதுவும் இருந்ததில்லை.

உங்களுக்கு உண்மையான சிக்கல் பத்திரத்தில் இருக்கிறது. கடைகள் தனித்தனியே விற்கப்பட்டிருந்தால், ஒவ்வொருவருக்கும் நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. எனவே பின்னால் கிடக்கும் காலி இடமும் எல்லோருக்கும் சொந்தம், சிலர் மறுத்தாலும் வேலை தடைபடலாம். ஆகவே வரைபடம் போடுகிறவரைத் தேடுவதற்கு முன், உரிமையாளர்கள் சங்கத்தைப் பதிவு செய்து, வழக்கறிஞரை வைத்துத் தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பாருங்கள். அடுத்ததாக, அந்த நிலம் நகரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்தப் பயன்பாட்டுக்கு வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, உயரமான அடுக்குமாடி அல்லாத கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு பொதுவாக 2 வரை கிடைக்கும்; அதாவது எல்லா மாடிகளின் பரப்பையும் கூட்டினால் மனையின் பரப்பைப் போல இரு மடங்கு வரை கட்டலாம். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டதானால் அதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இடத்தை மூலையில் ஒதுக்கி வேலி போட்டுவிடாமல் நடுவில் வைத்து, புறவழிச்சாலையிலிருந்து பின்னால் இருக்கும் குடியிருப்புத் தெரு வரை வழி விட்டுக் கட்டச் சொல்லுங்கள். வரைபடத்தை முடிவு செய்வதற்குள் எனக்கு ஒருமுறை காட்டினால், வந்து பார்த்துச் சொல்கிறேன்.