ஆஞ்சியோவில் அடைப்பே இல்லை, பிறகு இதயம் ஏன் தளர்கிறது?

கேள்வி (குடியாத்தம்):
சாவுச் செய்தி கேட்டதும் நெஞ்சுவலி. இசிஜியில் எஸ்டி ஏற்றம் (மாரடைப்பில் காணும் மாற்றம்), ட்ரோபோனின் (இதயத்தசை சேதத்தைக் காட்டும் புரதம்) லேசாகக் கூடுதல், ஆஞ்சியோவில் (சாயம் செலுத்தி எடுக்கும் படம்) இதய ரத்தக்குழாய் சுத்தம். இதை டகோட்சுபோ (அதிர்ச்சியால் இதயத்தசை தற்காலிகமாகத் தளர்வது) என்கிறார்கள். துக்கம் எப்படித் தசையைத் தளர்த்தும்?

பதில் (வேலூர்):
அதிர்ச்சியில் அட்ரினலின், நார்அட்ரினலின் எக்கச்சக்கமாகச் சுரக்கும். இடது கீழறையின் நுனியில், இவற்றை உணரும் பீட்டா ஏற்பிகள் அதிகம். அளவு மிஞ்சினால் பீட்டா-2 ஏற்பி, சுருக்கத்தைத் தூண்டுவதை விட்டு அடக்கும் பாதைக்கு மாறுகிறது என்பது வலுவான விளக்கம். நுண்குழாய்ச் சுருக்கமும், செல்லுக்குள் கால்சியம் மிகுவதும் சேரும். நுனி உப்பும், அடிப்பகுதி (நுனிக்கு எதிரே உள்ள மேல்பக்கம்) பலமாகச் சுருங்கும். அந்த வடிவம் ஜப்பானில் ஆக்டோபஸ் பிடிக்கும் பானையைப் போல இருப்பதால்தான் பெயர். மாதவிடாய் நின்ற பெண்களுக்கே பெரும்பாலும் வருகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம்.

பதில் (ஆரணி):
ஒன்று சேர்க்கிறேன் சார். நம்ம பக்கம் செந்தேள் கொட்டினாலும் இதே கேட்டகோலமைன் (அட்ரினலின் வகை ஹார்மோன்) வெள்ளம்தான். அங்கே ரத்தக்குழாயைத் தளர்த்தும் ப்ரசோசின் மருந்து உதவுகிறது.
டகோட்சுபோவில் பிரஷர் இறங்கினால் உடனே டோபுடமின் (இதயச் சுருக்கத்தைக் கூட்டும் மருந்து) ஏற்றாதீர்கள். முதலில் எக்கோ (இதய ஸ்கேன்). அடிப்பகுதி இறுகி ரத்தம் வெளியேறும் வழியை அடைத்திருந்தால் டோபுடமினும், ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரேட்டும் நிலைமையைக் கெடுக்கும். இசிஜியில் க்யூடி இடைவெளி நீள்வதையும் கவனியுங்கள், ஆபத்தான துடிப்புக் கோளாறு வரலாம்.

பதில் (வேலூர்):
சரிதான். பெரும்பாலும் சில வாரங்களில் சுருங்கும் திறன் திரும்பிவிடும். மறு எக்கோ கட்டாயம். ஆனால் வீட்டில் "துக்கம்தான்" என்று காத்திருக்கவே கூடாது. மாரடைப்பையும் இதையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது, 108-ஐக் கூப்பிடுங்கள்.