பறவைகளுக்கு வாங்கிய கம்பில் வண்டு, கடலையில் மக்கல் வாடை: இனி வைக்கலாமா?

கேள்வி (மொட்டைமாடிக்காரி, கடலூர்)

வணக்கம். எங்கள் மொட்டைமாடிக்குக் காலை ஆறரை மணிக்கெல்லாம் சிட்டுக்குருவிகளும் புள்ளிச் சில்லைகளும் தவிட்டுப்புறாக்களும் வந்துவிடும். சற்று வெயில் ஏறியபின் கிளிகள் வரும். அவற்றுக்கென்று செப்டம்பரில் பத்து கிலோ கம்பும் ஐந்து கிலோ தினையும் மூன்று கிலோ உடைத்த வேர்க்கடலையும் வாங்கி, ஒரு பகல் முழுதும் மாடியில் உலர்த்தி, மாலையில் பிளாஸ்டிக் டிரம்களில் கொட்டி இறுக மூடினேன். ஐப்பசி மழை தொடங்கிய சில வாரங்களில் கம்பில் வண்டு ஓடுகிறது. தினை நூலாம்படை பிடித்தாற்போல் கட்டிகட்டியாகத் தொங்குகிறது. கடலை டிரம்மைத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை அடிக்கிறது. மறுபடியும் காயவைத்து வைத்தால் போதுமா, அல்லது அனைத்தையும் கொட்டிவிட வேண்டுமா?

மறுமொழி (தானியக் கடை வைத்திருப்பவர், விழுப்புரம்)

அம்மா, மூன்றையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். கம்பில் ஓடுவது வண்டு. தினையைக் கட்டியாக்கியது அந்துப்பூச்சியின் புழு நூற்ற நூல். இரண்டும் சத்தைக் குறைக்குமே தவிர நஞ்சல்ல. பூசண வாடை இல்லாமல், மணியும் உலர்ந்து இருந்தால் புடைத்துச் சலித்து வைக்கலாம், புழுவையும் சேர்த்தே குருவி கொத்தும். கடலை வேறு. ஒரு பருப்பை இரண்டாகப் பிளந்து, உட்புறம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். டிரம்மில் கொட்டும்போது தானியம் சூடாக இருந்ததா?

கேட்டவர்

ஐயா, நான்கு மணிக்கு அள்ளினேன்; கை வைத்தால் நன்றாகவே சுட்டது. மறுநாள் மூடியின் உட்புறத்தில் நீர்த்துளிகள் நின்றதைப் பார்த்தும் துடைத்துவிட்டு மூடிவிட்டேன். கடலை வெளியே பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. பத்துப் பருப்பைப் பிளந்ததில் நான்கில், இரு பாதிகளுக்கும் நடுவே மஞ்சள் கலந்த பச்சைத் தூள் படிந்திருக்கிறது.

மறுமொழி (கோழிப் பண்ணையாளர், நாமக்கல்)

அந்தக் கடலையைத் தொடவே வேண்டாம். அது ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூசணமாக இருக்க மிகவும் வாய்ப்புண்டு; அது உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் பறவைகளின் ஈரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது.

மறுமொழி (ஒரு வாசகர்)

இவ்வளவு அச்சம் தேவையா? கெட்டதைப் பறவை தானே ஒதுக்கிவிடும் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள்.

மறுமொழி (கோழிப் பண்ணையாளர்)

அந்த நம்பிக்கை தவறானது, ஐயா. 1960இல் இங்கிலாந்தில், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தபோதுதான் இந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. அவை ஒதுக்கவில்லை, தின்றன. கெட்ட கடலையை மாட்டுக்குப் போடுவதும் கூடாது, நஞ்சு பாலில் இறங்கும். குழி தோண்டிப் புதைத்து, டிரம்மைக் கழுவி முற்றிலும் உலர்த்துங்கள். பூசணத் தூள் மூச்சில் ஏறாமல் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

மறுமொழி (தானியக் கடை வைத்திருப்பவர்)

சூடான தானியத்தை மூடினால் அதன் ஈரம் ஆவியாகி மூடியில் நீராகிச் சொட்டும். மேலடுக்கு அதில்தான் கெடும். காயவைத்ததை இரவு முழுதும் நிழலில் ஆறவிட்டுத்தான் அள்ள வேண்டும். இப்போது வெயிலுக்கு எங்கே போவது என்பீர்கள். சலித்த கம்பைச் சிறு பைகளில் காற்றுப்புகாமல் கட்டிக் குளிர்பெட்டியின் உறைபகுதியில் ஒரு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்தபின் பையின் குளிர் முழுதும் போகும்வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் வியர்க்கும். வேப்பிலையும் வசம்பும் மிளகாய் வற்றலும் வண்டை ஓரளவு விரட்டும். பூசணத்தை ஒன்றும் செய்யா. மிளகாயின் காரம் பறவைக்கு உறைப்பதில்லை என்பதால் அது கலந்தாலும் கவலையில்லை. வண்டுக்கு வைக்கும் மருந்து மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது ஒரு மணியைப் பல்லில் கடித்துப் பாருங்கள்: காய்ந்த மணி நறுக்கென்று உடையும், ஈர மணி நசுங்கும். சந்தேகமிருந்தால், உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் ஒரு பிடி தானியத்தையும் ஒரு கரண்டி காய்ந்த உப்பையும் போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 விழுக்காட்டுக்கு மேல் என்று பொருள், அதை வாங்கி வைக்கக் கூடாது.

கேட்டவர்

மிக்க நன்றி. இன்னொரு ஐயம்: விதைக் கடையில் இளஞ்சிவப்பாக இருந்த மக்காச்சோளத்தை மலிவாகத் தருவதாகச் சொன்னார்கள். உடைத்துப் போடலாமா?

மறுமொழி (கோழிப் பண்ணையாளர்)

கூடவே கூடாது. அது விதைநேர்த்தி செய்த விதை; பூசணக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ பூசியிருப்பதைக் காட்டத்தான் அந்தச் சாயமே. கழுவினாலும் பயனில்லை. மளிகைக் கடையில் நீங்கள் சாப்பிட வாங்கும் தானியத்தையே வாங்குங்கள், அதுவும் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மட்டும். நான்கைந்து வகைப் பறவைக்கு நாளொன்றுக்கு இரண்டு கைப்பிடி போதும். மாலையில் தட்டில் மிஞ்சினால் மறுநாள் குறைத்துவிடுங்கள். நனைந்ததையும் எச்சம் பட்டதையும் அன்றே கொட்டித் தட்டைத் தேய்த்துக் கழுவ வேண்டும், நோய் பரவுவது அதன் வழியாகத்தான்.

கேட்டவர்

கடலையைப் புதைத்தாயிற்று. கம்பில் இரண்டு கிலோவளவு சொத்தையாகப் போனது, மீதி உறைபகுதியில் இருக்கிறது. தினையில் நடுவிலிருந்த கட்டிகளில் பூசண வாடை இருந்ததால் டிரம்மோடு கொட்டிவிட்டேன். கிளிகள் இரண்டு நாளாகக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து வெறும் தட்டைப் பார்த்துக் கத்திவிட்டுப் போகின்றன. மழை விட்டதும் அரைக் கிலோ கடலை, இம்முறை தோடு உடைக்காமல், வாங்கி வருகிறேன்.